அட்டை வேறு, உரிமை வேறு: கனடா பி.ஆர். கேள்வி – பதில்

இந்த மாதமும் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கனடாவின் பி.ஆர்., அதாவது நிரந்தரக் குடியிருப்பு உரிமையைப் பற்றியவை. ஸ்கார்பரோவில் புதிதாகக் குடியேறுவோருக்கான உதவி மையம் ஒன்றில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால், ஆசிரியர் எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டார். நான் வக்கீல் இல்லை, உரிமம் பெற்ற குடியேற்ற ஆலோசகரும் இல்லை. உரிமம் இல்லாதவர் காசு வாங்கிக்கொண்டு இந்த ஆலோசனை சொல்வது கனடாவில் குற்றம். நான் காசு வாங்குவதில்லை. அதனால் திட்டவும் செய்வேன்.

கேள்வி: எனக்கு 33 வயது, திருமணமாகிவிட்டது, இயந்திரவியல் படித்துவிட்டு ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். ஏஜென்ட் ஒருவர் 8 லட்சம் ரூபாய் கொடுத்தால் பி.ஆர். நிச்சயம் என்கிறார். 2021-இல் வெறும் 75 புள்ளிக்கே கொடுத்தார்களாம். அனுபவச் சான்றிதழில் இரண்டு வருடம் கூட்டிப் போட்டுத் தருவதாகவும் சொல்கிறார். நம்பலாமா அம்மா? – வெ.க., நாமக்கல்

பதில்: அந்த 75 பொய்யில்லை தம்பி. 2021 பிப்ரவரி 13 அன்று 27,332 பேரை ஒரே நாளில் அழைத்தார்கள், கடைசிப் புள்ளி 75. ஆனால் அது கொரோனாவில் எல்லை மூடிக் கிடந்த காலம். வெளியிலிருந்து ஆள் வர முடியாததால், கனடாவுக்குள் ஏற்கெனவே வேலை பார்த்த அனுபவம் உள்ளவர்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நாமக்கல்லில் இருக்கிற உங்களுக்கும் அந்த 75-க்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. உங்கள் ஏஜென்டுக்கும் அது தெரியும்.

புள்ளி பார்த்து ஆள் எடுக்கிற இந்த எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறை 2015 ஜனவரியிலிருந்து நடக்கிறது. மொத்தம் 1,200 புள்ளி. வயது, படிப்பு, மொழி, அனுபவம் எல்லாம் கூட்டி வரிசைப்படுத்துவார்கள். வரிசையில் பெயர் போட்டுக்கொள்ளக் கட்டணமே கிடையாது. மனைவியோடு விண்ணப்பிக்கிற 33 வயதுக்காரருக்கு வயதுக்காக 80 புள்ளி. ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் ஐந்து குறையும், 40 தாண்டினால் பத்துப் பத்தாகக் குறையும், 45-இல் பூஜ்யம். ஆகவே நீங்கள் ஏஜென்டிடம் பேரம் பேசிக் கழிக்கிற மாதங்களுக்கும் விலை இருக்கிறது.

புள்ளியை ஏற்றுகிற நேர்மையான வழி மொழித் தேர்வு. ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் பொதுப் பிரிவில் கேட்டலுக்கு 8, மற்ற மூன்றுக்கும் 7 வாங்கினால், மொழிக்கான புள்ளி ஏறுவதோடு படிப்பு, அனுபவம் இரண்டோடும் சேர்த்துத் தனியாகவும் கூடும். நம் பிள்ளைகள் பெரும்பாலும் எழுத்தில் 6.5 வாங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அந்த அரைப் புள்ளிக்கு மூன்று மாதம் உட்கார்ந்து எழுதிப் பழகுவது 8 லட்சத்தைவிட மலிவு.

இன்னொன்று பிரெஞ்சு. சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். 2024 பிப்ரவரி 28 அன்று பொது அழைப்புச் சுற்றில் கடைசிப் புள்ளி 534. மறுநாள் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கான சுற்றில் 336. இடைவெளியைப் பாருங்கள்! சென்னையிலும் புதுச்சேரியிலும் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிற அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. ஒன்றரை இரண்டு வருடம் உழைக்க வேண்டும், சும்மா வராது.

அனுபவச் சான்றிதழைக் கூட்டிப் போடுகிற விஷயத்துக்கு வருகிறேன். வருமான வரிக் கணக்கு, வருங்கால வைப்பு நிதிப் பதிவு, சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு ஆகியவற்றோடு அதிகாரி அதை ஒப்பிட்டுப் பார்க்கலாம், நிறுவனத்துக்கே தொலைபேசியில் பேசலாம். பிடிபட்டால் 'தவறான தகவல்' என்ற பிரிவில் ஐந்து வருடம் தடை. அந்தத் தடை உங்கள் பெயரில்தான் விழும், ஏஜென்டின் பெயரில் விழாது. அவர் அடுத்த கடைக்குப் பலகை மாட்டிவிடுவார். உண்மையிலேயே ஆலோசகர் வேண்டுமானால், குடியேற்ற ஆலோசகர்களுக்கு உரிமம் தருகிற அமைப்பின் (பெயரில் 'கல்லூரி' என்று இருக்கும், College of Immigration and Citizenship Consultants) பொதுப் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறதா என்று இணையத்தில் தேடுங்கள். பெயர் இருந்தாலும் 'நிச்சயம்' என்கிற வார்த்தையைச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: பி.ஆர். கிடைத்தால் கனடா பாஸ்போர்ட்டும் கிடைக்குமா? – சி.மு., தேனி

பதில்: கிடைக்காது. ஓட்டும் கிடையாது. வரி மட்டும் முழுதாக உண்டு.

கேள்வி: 2024 மார்ச் 10 அன்று கணவருடன் டொராண்டோவில் இறங்கினேன். மாமியாருக்குப் பக்கவாதம் வந்ததால் ஐந்து மாதத்தில் நான் மட்டும் சென்னை திரும்பினேன். கணவர் அங்கே வேலை பார்க்கிறார், அவரும் பி.ஆர்.தான். என் அட்டை 2029 வரை செல்லும் என்பதால் அதுவரை கவலையில்லை என்கிறார்கள். சரியா? – ஜெ.ப., குரோம்பேட்டை

பதில்: சரியில்லை அம்மா. இந்த ஒரு குழப்பத்தோடு மையத்துக்கு வந்து என் முன்னால் அழுதவர்கள் அநேகம் பேர்.

அட்டை என்பது விமானத்தில் ஏறக் காட்டுகிற சீட்டு. அட்டை காலாவதியானால் உரிமை போய்விடாது, அட்டை கையில் இருப்பதால் உரிமை பத்திரமாக இருக்கிறது என்றும் ஆகாது. உரிமையைக் காப்பது நாள் கணக்கு. ஐந்து வருடத்தில் 730 நாள் கனடா மண்ணில் இருந்திருக்க வேண்டும். தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. ஒரு நாளில் கொஞ்ச நேரம் இருந்தாலும் அது முழு நாள். இரவு பதினொன்றரைக்கு இறங்கினால் அந்த நாளும் உங்களுடையதுதான்.

உங்கள் கணக்கைப் போடுவோம். ஐந்து மாதம் என்றால் ஏறத்தாழ 153 நாள் கையில் இருக்கிறது. மீதி 577. உங்கள் முதல் ஐந்து வருடம் 2029 மார்ச்சில் முடிகிறது. அங்கிருந்து பின்னால் எண்ணிக்கொண்டு வந்தால் 2027 ஆகஸ்ட் 10 வாக்கில் நிற்கும். அதற்குள் நீங்கள் அங்கே போய் இறங்கி, பிறகு நகராமல் இருந்தால் கணக்குச் சரியாக வரும். நடுவில் ஒரு கல்யாணம், ஒரு கருமாதி என்று வந்து போனால் வராது. ஆகையால் 2027 தொடக்கத்திலேயே போய்விடுங்கள். முதல் ஐந்து வருடத்துக்குள் எல்லையில் கேட்டால், மீதி நாளில் 730-ஐ எட்ட உங்களால் முடியுமா என்றுதான் அதிகாரி பார்ப்பார். ஐந்து வருடம் கடந்தபின், கேட்கிற நாளிலிருந்து பின்னோக்கி ஐந்து வருடத்தை எடுத்து எண்ணுவார்.

கணவர் அங்கே இருக்கிற நாட்கள் உங்கள் கணக்கில் ஏறாது. கனடியக் குடிமகனான கணவரோடு வெளிநாட்டில் சேர்ந்து வாழ்ந்தால் அந்த நாட்கள் ஏறும். உங்கள் கணவர் குடிமகனும் இல்லை, உங்களோடு சென்னையிலும் இல்லை. இரண்டு வழியும் அடைபட்டிருக்கிறது.

நாள் குறைந்துபோனால் உடனே எல்லாம் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். உரிமை தானாக உதிர்ந்து விழாது, ஓர் அதிகாரி முறைப்படி முடிவு செய்ய வேண்டும். மனிதாபிமானக் காரணங்களை அவர் கணக்கில் எடுத்தாக வேண்டும். படுத்த படுக்கையான மாமியாரைப் பார்த்துக்கொண்டது அப்படியொரு காரணம்தான். ஆனால் அதற்குத் தாள் வேண்டும். மருத்துவமனைச் சீட்டுகள், ஸ்கேன் அறிக்கை, வீட்டில் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை என்பதற்கான விவரம் எல்லாவற்றையும் இன்றிலிருந்தே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். இந்தியாவில் இருக்கும்போது அட்டை காலாவதியானால், திரும்புவதற்கு நிரந்தரக் குடியிருப்பாளர் பயண ஆவணம் என்ற ஒன்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நாள் குறைவு என்று அங்கே மறுத்தால், மேல்முறையீட்டுக்கு 60 நாள் அவகாசம். அந்த 60-ஐ ஒரு நாள் தாண்டினாலும் வாதாட வேண்டியது இரண்டு மடங்காகும்.

மாமியாரைப் பார்த்துக்கொள்கிற மருமகளிடம் நாள் கணக்கைப் பேசுகிறேனே என்று எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது. உங்கள் கணவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: அவருடைய அம்மாவுக்காக அவர் ஏன் ஆறு மாதம் வந்து இருக்கக் கூடாது? அவருக்கும் 730 போதுமே. மீதி ஆயிரத்துச் சொச்ச நாட்களை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாராம்?

கேள்வி: மகனுக்கு 21 வயது 10 மாதம். எங்கள் விண்ணப்பத்தில் சேர்க்க முடியுமா? – த.சு., ஓசூர்

பதில்: முழுமையான விண்ணப்பம் போய்ச் சேருகிற நாளில் அவனுக்கு 22 ஆகியிருக்கக் கூடாது, கல்யாணமும் ஆகியிருக்கக் கூடாது. அந்த நாளில் வயது பூட்டப்பட்டுவிடும், பிறகு எத்தனை மாதம் இழுத்தாலும் பாதகமில்லை. அழைப்பே இன்னும் வரவில்லை என்றால் பூட்டும் இன்னும் விழவில்லை.

கேள்வி: தனி ஆளாக விண்ணப்பித்தேன். மருத்துவப் பரிசோதனை முடிந்து காத்திருந்தபோது வீட்டில் அவசரமாகக் கல்யாணம் முடித்துவிட்டார்கள். இப்போது பி.ஆர். ஒப்புதல் வந்துவிட்டது. மனைவி பற்றிச் சொன்னால் தாமதமாகும், போய் இறங்கிய பிறகு அவளை ஸ்பான்சர் செய்துகொள்ளலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அடுத்த மாதம் டிக்கெட். – பெயர் வேண்டாம், உசிலம்பட்டி

பதில்: டிக்கெட்டைத் தள்ளிப் போடுங்கள். இன்றைக்கே.

குடியேற்ற விதிகளில் 117(9)(d) என்று ஒரு பிரிவு இருக்கிறது. நீங்கள் நிரந்தரக் குடியிருப்பாளர் ஆகிற நேரத்தில் உங்களுக்கு மனைவியோ பிள்ளையோ இருந்து, அவர்களைத் தெரிவிக்காமல், அவர்கள் பரிசோதிக்கப்படாமல் விட்டிருந்தால், பின்னாளில் குடும்ப வகையில் அவர்களை ஸ்பான்சர் செய்ய முடியாது. சில வருடம் பொறுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். அந்தத் தடைக்குக் காலக்கெடு இல்லை. இடையில் தற்காலிகச் சலுகை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மனிதாபிமான மனு என்ற வழியும் உண்டு. ஆனால் கைவசம் நேர்வழி இருக்கும்போது, சலுகையை நம்பி ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பணயம் வைக்கக் கூடாது.

இறங்கும்போது அதிகாரி நேராகவே கேட்பார்: திருமண நிலையில் மாற்றம் உண்டா? இல்லை என்று சொன்னால் அது இரண்டாவது பொய், அதற்குத் தனியாக ஐந்து வருடத் தடையும், வாங்கிய உரிமையே பறிபோகிற ஆபத்தும் காத்திருக்கின்றன. மறைக்கத்தான் முடியுமா? மண்டபத்தில் எடுத்த படம் ஊர் முழுக்கச் சுற்றியிருக்கும். பதிவுச் சான்றிதழில் தேதி இருக்கும். பிற்பாடு அவளை ஸ்பான்சர் செய்வதற்கு நீங்களே அந்தத் தேதியை எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்!

குடியேற்றத் துறையின் இணையப் படிவத்தில் இப்போதே எழுதுங்கள். கல்யாணச் சான்றிதழை இணையுங்கள். மனைவியை உடன் அழைத்துப் போவதா, பிறகு வருவாளா என்பது உங்கள் விருப்பம். இரண்டானாலும் அவளுக்கு மருத்துவப் பரிசோதனை நடந்தாக வேண்டும். புள்ளிக் கணக்கு மாறுமா என்பதை மட்டும் உரிமம் உள்ள ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள், அது உங்கள் கோப்பைப் பார்க்காமல் சொல்லக்கூடியதில்லை. சில மாதம் தாமதமாகும், ஆகட்டும். புது மனைவியோடு அந்தச் சில மாதங்களைக் கழிப்பதில் அப்படி என்ன வருத்தம் உங்களுக்கு?

கேள்வி: கல்யாண நகை 40 பவுன். இப்போது கொஞ்சம் எடுத்துப்போய், மீதியை அடுத்த வருடம் கொண்டுபோகலாமா? சுங்கத்தில் பிடிப்பார்களா அத்தை? – கா.ஸ்ரீ., கும்பகோணம்

பதில்: பிடிப்பதும் பிடிக்காததும் நீ எழுதுகிற பட்டியலில் இருக்கிறது. குடியேறுபவர் தான் வைத்துப் பயன்படுத்திய பொருட்களைத் தீர்வை இல்லாமல் கொண்டுபோகலாம். இரண்டு பட்டியல் எழுத வேண்டும்: இப்போது கையோடு வருவது, பின்னால் வரப்போவது. இரண்டையும் முதல் தடவை இறங்குகிற அன்றே விமான நிலையத்தில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள். அன்று கொடுக்காமல் விட்டுவிட்டு அடுத்த வருடம் ஒட்டியாணத்தோடு போய் நின்றால், அது குடியேறியவரின் பழைய பொருளா, புதிதாகக் கொண்டுவருவதா என்று விவாதம் ஆரம்பமாகும்.

'தங்க நகை, 40 பவுன்' என்று ஒரே வரியில் எழுதாதே. பவுனில் எழுதாமல் கிராமில் எழுது. மொத்தம் 320 கிராம். காசுமாலை, ஜிமிக்கி, வங்கி என ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, எடை, மதிப்பு, பக்கத்தில் ஒரு புகைப்படம். நகைக்கடையில் கேட்டால் மதிப்பீட்டுச் சீட்டு எழுதித் தருவார்கள். தீர்வை இல்லாமல் கொண்டுபோனதை ஒரு வருடத்துக்குள் விற்கக் கூடாது, விற்றால் தீர்வை கட்ட வேண்டும். 10,000 கனடிய டாலரோ அதற்கு மேலோ பணம் கொண்டுபோனால் அதையும் சொல்லிவிட வேண்டும். சொன்னால் ஒன்றும் பிடிக்க மாட்டார்கள், சொல்லாமல் விட்டால்தான் வம்பு.

உன் கடிதத்தில் மாமியார் நகையை லாக்கரிலேயே வைக்கச் சொல்கிறார் என்றும் எழுதியிருக்கிறாய். அதற்கு இந்தப் பகுதியில் பதில் கிடையாது.

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன். அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டு, பிறகு பி.ஆர். கிடைத்து இரண்டு வருடமாகிறது. அம்மாவுக்கு உடல்நிலை சரியில்லை. இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பித்து ஒருமுறை போய்ப் பார்த்து வரலாமா அக்கா? பி.ஆர். இருப்பதால் பயமில்லை என்கிறார்கள். – ந., மார்க்கம்

பதில்: தம்பி, சொல்கிறவர்கள் பழைய சட்டத்தை மனதில் வைத்துச் சொல்கிறார்கள். 2012 டிசம்பர் வரை அது ஓரளவு உண்மை. அந்த மாதம் 15-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, அகதியாகப் பாதுகாப்புப் பெற்றவர் தன் நாட்டின் பாதுகாப்பை மீண்டும் தானே நாடினார் என்று முடிவானால், அகதி நிலையோடு பி.ஆரும் சேர்ந்தே போய்விடும். கடவுச்சீட்டைப் புதுப்பிப்பதையே அதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள். அதில் பயணமும் செய்தால் அரசுத் தரப்பு வழக்கு இன்னும் பலமாகும். 730 நாள் விவகாரத்தில் உள்ளதுபோல் குடியேற்ற மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகிற உரிமை இதில் இல்லை. கூட்டாட்சி நீதிமன்றத்தை நாடுவது ஒன்றே வழி.

2022-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த மனிதருக்குப் பின்விளைவு தெரிந்திருந்ததா, எதற்காகப் போனார் என்பதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அது வழக்கில் சிக்கியவருக்கு ஆறுதல். உங்களுக்கு இப்போது தெரிந்துவிட்டது, ஆகவே தெரியாது என்று சொல்லவும் வழியில்லை. அதற்கு நான் காரணம், மன்னியுங்கள்.

அம்மா பயணம் செய்கிற நிலையில் இருந்தால், சென்னைக்கோ திருச்சிக்கோ அவர் வரட்டும். நீங்கள் அகதிப் பயண ஆவணத்தில் இந்திய விசா எடுத்து அங்கே போய்ச் சந்தியுங்கள். பல குடும்பங்கள் அப்படித்தான் சந்தித்துக்கொள்கின்றன, எத்தனையோ கல்யாணங்களே அப்படி நடந்திருக்கின்றன. அம்மாவால் நகர முடியாது என்றால், எதையும் செய்வதற்கு முன் அகதிச் சட்டம் தெரிந்த வக்கீலைப் பாருங்கள், வருமானம் குறைவானால் ஒன்ராறியோ சட்ட உதவியில் கேளுங்கள்.

குடியுரிமைக்கு ஐந்து வருடத்தில் 1,095 நாள் தேவை. பாதுகாப்புப் பெற்றவராக பி.ஆருக்கு முன் இருந்த நாட்கள் அரை அரை நாளாக, 365 வரை சேரும். உங்கள் கணக்கு அநேகமாக நெருங்கிவிட்டது. குடியுரிமை எடுத்துவிட்டால் இந்தப் பிரிவு உங்களைத் தொடாது. 1,095 நிறைந்ததும் உடனே விண்ணப்பியுங்கள். அம்மாவிடம் தொலைபேசியில் இதையெல்லாம் விளக்க வேண்டாம், வருகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள்.

கேள்வி: மகன் பிராம்ப்டனில் பி.ஆர். எங்களுக்கும் எப்போது பி.ஆர். கிடைக்கும்? – ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், பொள்ளாச்சி

பதில்: ஐயா, பெற்றோர் திட்டத்தில் 2020-இல் பெயர் கொடுத்தவர்களின் பட்டியலிலிருந்தே 2025 வரை குலுக்கி அழைத்தார்கள். அதில் உங்கள் மகன் பெயர் இல்லையென்றால் காத்திருக்கத்தான் வேண்டும். அதுவரை சூப்பர் விசா இருக்கிறது. ஒரு தடவை போனால் ஐந்து வருடம் வரை தங்கலாம். மகனுக்குக் குறிப்பிட்ட வருமானமும், உங்களுக்குக் குறைந்தது ஒரு லட்சம் டாலர் மருத்துவக் காப்பீடும் வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தத்தை மறைத்துக் காப்பீடு எடுக்காதீர்கள், கேட்கிற நேரத்தில் பணம் வராது.

என் அபிப்பிராயம் கேட்டால், முதலில் ஒரு ஜனவரி மாதத்தை அங்கே கழித்துப் பாருங்கள். பி.ஆர். எடுத்தால் உங்களுக்கும் அதே 730 நாள்தான், முழங்கால் வலிக்குத் தள்ளுபடி கிடையாது. முதியோர் ஓய்வூதியம் வேண்டுமானால் பத்து வருடம் வாழ்ந்திருக்க வேண்டும். மகனோ உங்கள் செலவுக்கு 20 வருடம் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். பொள்ளாச்சிக் காற்றை விட்டு இதற்கெல்லாம் வருவதா என்று உங்கள் மனைவியையும் ஒரு வார்த்தை கேளுங்கள். கடிதத்தில் 'எங்களுக்கு' என்று எழுதியிருக்கிறீர்கள், கையெழுத்து உங்களுடையது மட்டும்.

கேள்வி: எல்லோருக்கும் சொல்கிறீர்களே, நீங்கள் குடியுரிமை எடுத்துவிட்டீர்களா? – மு.ரா., மன்னார்குடி

பதில்: சொந்த ஊர்க்காரர் கேட்டதால் சொல்கிறேன். இல்லை. என் கணவர் உறுதிமொழி எடுத்துப் பல காலமாகிறது. நான் இன்னமும் இந்தியப் பாஸ்போர்ட்டோடு பி.ஆராக இருக்கிறேன். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பாஸ்போர்ட் பக்கங்களை நகல் எடுத்து, போன தேதி வந்த தேதி எழுதி, அட்டையைப் புதுப்பிக்கிறேன்.

நிலத்துக்காகவா என்று உறவினர்கள் கேட்பார்கள். அதற்காக இல்லை. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்றாலும், வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருகிற ஓசிஐ அட்டை எடுத்தவர் பரம்பரையாக வந்த விவசாய நிலத்தை வைத்துக்கொள்ளலாம், புதிதாக வாங்கத்தான் முடியாது. எனக்குப் புதிதாக வாங்கும் உத்தேசம் கிடையாது. பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். அதற்கு விலையும் கொடுக்கிறேன். நகராட்சி வண்டி பனியைத் தள்ளிக்கொண்டு வந்து சரியாக என் வீட்டு வாசலில் குவித்துவிட்டுப் போகிறது, அதைக் கேட்க வேண்டிய கவுன்சிலருக்கு எதிராக என்னால் ஓட்டுப் போட முடியாது. கணவர் போடுவார். அவர் அந்த ஆளுக்கே போடுகிறார்.

இளையவர்கள் என்னைப் பின்பற்ற வேண்டாம். அங்கேயே வாழப்போகிறவர் 1,095 நாள் முடிந்ததும் எழுதிப் போட்டுவிடுவது நல்லது. 18 முதல் 54 வயதுவரை தேர்வு உண்டு, 20 கேள்வியில் 15 சரியாக எழுதினால் போதும். அதன்பிறகு அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் காலெண்டரைப் பார்க்காமல் விமானம் ஏறலாம்.

அடுத்த இதழுக்கு எழுதுகிறவர்கள் இறங்கிய தேதி, வெளியே போன தேதிகள், யாருக்குக் குடியுரிமை, யாருக்கு பி.ஆர். ஆகியவற்றைத் தெளிவாக எழுதுங்கள். பாஸ்போர்ட் எண்ணை எழுத வேண்டாம். இந்த மாதம் இரண்டு பேர் நகலே அனுப்பியிருந்தார்கள். கிழித்துப் போட்டுவிட்டேன்.